தகுதிகாண் பருவம்



'ஆசிரியர் பணிப் பாதுகாப்பும் பள்ளிக் கல்வித் தரமும்' என்ற தலைப்பில் பேச அழைத்தீர்கள். டீக்கடை முதல் நீதிமன்றம் வரை இதைப் பற்றிக் கருத்து இல்லாதவர் கிடையாது. கவர்மென்ட் வாத்தியாரை யாரும் அசைக்க முடியாது, அதனால்தான் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கத் தெரியவில்லை என்பார்கள் ஒரு பக்கம். ஆசிரியர் மேல் கைவைத்தால் அரசுப் பள்ளியே அழிந்துவிடும் என்பார்கள் இன்னொரு பக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆசிரியருக்குப் பணிப் பாதுகாப்பு வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பை வகுப்பறைக்குள் ஒருமுறைகூட எட்டிப்பார்க்காமல் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். நம் பிள்ளைகள் இழப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

தரம் சரிந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? 2025இல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 93.80 விழுக்காடு. இந்த எண்ணை மட்டும் பார்ப்பவர் நிம்மதியாகத் தூங்கலாம். ஏசர் ஆய்வுக்காரர்கள் 2022இல் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தட்டுத் தடுமாறாமல் படித்தவர்கள் ஏறக்குறைய இருபதில் ஒருவர். கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததும் இதற்கு ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் 2018இலேயே அது பத்தில் ஒருவராகத்தான் இருந்தது. 2009ஆம் ஆண்டின் பீசா பன்னாட்டுத் தேர்வுச் சுற்றில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. எழுபதுக்கு மேற்பட்ட நாடுகளும் வட்டாரங்களும் கொண்ட பட்டியலில் கடைசி மூன்று இடங்களை நாமும் இமாச்சலமும் கிர்கிஸ்தானும் பகிர்ந்துகொண்டோம். அதன்பின் இந்தியா அந்தத் தேர்விலிருந்தே ஒதுங்கிக்கொண்டது.

ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் வேலை பார்த்த காலத்தில் பள்ளிப் பார்வைக்குப் போவேன். ஓர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி புத்தகத்தை விரித்து, விரலை வைத்து, கணீரென்று ஒரு பாடலைப் படித்தாள். குரலில் தயக்கமே இல்லை. விரலைக் கவனித்தேன். வாய் நான்காம் வரியில் இருந்தது, விரல் இரண்டாம் வரியில் நின்றது. பாடலுக்கு நடுவில் இருந்த ஒரு சொல்லைத் தனியே காட்டி, இது என்னம்மா என்றேன். பாடலை முதலிலிருந்து தொடங்கினாள். எழுத்துகளைத் தனித்தனியே கேட்டபோது ப, ட, ம் மூன்றையும் சரியாகச் சொன்னாள். 'படம்' என்று சேர்க்க வரவில்லை. அறிவுள்ள பிள்ளை, முழுப் பாடலையும் காதால் கேட்டே மனத்தில் ஏற்றியிருந்தாள். அந்த விரல் எங்கே நிற்கிறது என்று மூன்று ஆண்டுகளாக யாரும் பார்க்கவில்லை. இன்னும் ஏழு ஆண்டில் இவளும் தேர்ச்சிக் கணக்கில் சேர்ந்துவிடுவாள்.

அந்தக் காலத்தில் எட்டாம் வகுப்புப் படித்தவர் ஆங்கிலத்தில் மனு எழுதுவார் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. எழுதியவர்கள் இருந்தார்கள், உண்மை. எழுத வராதவர்கள் மூன்றாம் வகுப்பிலோ ஐந்தாம் வகுப்பிலோ மாடு மேய்க்கப் போய்விட்டார்கள். அவர்களை எந்தக் கணக்கிலும் நாம் சேர்க்கவில்லை. இன்று அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்குள் இருக்கிறார்கள். தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய சாதனை அது. வந்து உட்கார்ந்த பிள்ளைக்குப் படிக்கச் சொல்லித்தராமல் பத்தாண்டு வைத்திருப்பதுதான் இன்றைய வீழ்ச்சி.

இனி பணிப் பாதுகாப்புக்கு வருவோம். அது யாரோ தானமாகக் கொடுத்ததன்று. உதவிபெறும் பள்ளி ஆசிரியர்கள் ஒரு காலத்தில் மேனேஜரின் தயவில் இருந்தார்கள். பதிவேட்டில் முழுச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கையில் அதைவிடக் குறைவாக வாங்கிப்போன கதையை மூத்த ஆசிரியர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். மேனேஜர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறிய ஆசிரியர்கள் உண்டு. சங்கக் கூட்டத்துக்குப் போனதற்காக வேலை இழந்தவர்களும் உண்டு. 1955இல் சென்னை மாநிலம் ஓய்வூதியம், வைப்புநிதி, காப்பீடு மூன்றையும் சேர்த்த திட்டம் ஒன்றை அந்த ஆசிரியர்களுக்காகக் கொண்டுவந்தது; நாட்டுக்கே அது முன்மாதிரி. 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், கல்வித்துறையின் முன் ஒப்புதல் இல்லாமல் ஓர் ஆசிரியரை நிர்வாகம் வேலையைவிட்டு நீக்க முடியாது என்று ஆக்கியது. ஊர்ப் பெரிய மனிதரின் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் ஒரே பலகையில் உட்காரட்டும் என்று ஓர் ஆசிரியர் துணிந்து சொல்ல முடிந்ததற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம். அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டால் அந்தத் துணிவும் போய்விடும். பணிப் பாதுகாப்பை ஒழித்தால் எல்லாம் சரியாகும் என்கிற நண்பர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

2003ஆம் ஆண்டைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். எஸ்மா என்னும் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தைத் திருத்திய அவசரச் சட்டத்தின்கீழ் ஏறக்குறைய ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் சில நாட்களில் வேலையிழந்தார்கள். ஆகஸ்ட் 6ஆம் நாள் தீர்ப்பில் வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமையில்லை என்றது உச்ச நீதிமன்றம். பெரும்பாலோர் பிறகு மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். அதே 2003இல் இன்னொன்றும் நடந்தது. மைக்கேல் கிரமர், கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இந்தியாவின் பள்ளிகளுக்குள் முன்னறிவிப்பில்லாமல் நுழைந்து பார்த்தார்கள். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நாலு ஆசிரியரில் ஒருவர் அன்று பள்ளியில் இல்லை. ஏறக்குறைய பாதிப் பேர்தான் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அடிக்கடி வராமல் இருந்ததற்காக ஓர் ஆசிரியரை நீக்கியதாகச் சொன்ன தலைமை ஆசிரியர் கிட்டத்தட்ட மூவாயிரம் அரசுப் பள்ளிகளில் ஒரே ஒருவர். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அரசு நினைத்தால் லட்சத்துக்கு மேற்பட்டவரை ஒரு கையெழுத்தில் நீக்க முடிகிறது. பிள்ளைக்குப் பாடம் நடக்கவில்லை என்பதற்காக ஒருவரை நீக்க நாடு முழுக்க ஏறக்குறைய ஆளே இல்லை. அசைக்க முடியாத வேலை என்பதே பாதி உண்மைதான். வகுப்பறை காரணமாக அசைக்க முடியாத வேலை அது.

பாதுகாப்பே இல்லாத ஆசிரியர் நன்றாகச் சொல்லித்தருகிறாரா என்ற கேள்விக்கு நேர்மையான விடை இரண்டு பக்கமும் போகிறது. ஆந்திரக் கிராமங்களில் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் செய்த சோதனையில், கூடுதலாக ஓர் ஒப்பந்த ஆசிரியரைப் பெற்ற பள்ளிகளில் பிள்ளைகள் நன்றாகக் கற்றார்கள். அந்த ஒப்பந்த ஆசிரியருக்குக் கிடைத்தது நிரந்தர ஆசிரியரின் சம்பளத்தில் ஒரு சிறு பங்கு. அதே ஆந்திராவில் குலுக்கல் முறையில் தனியார் பள்ளிக்குப் போன பிள்ளைகள் தெலுங்கிலும் கணக்கிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைவிட முன்னேறிவிடவில்லை. அந்தத் தனியார் பள்ளிகளில் ஆசிரியரை எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு அனுப்பலாம் என்பதை நினைவில் வையுங்கள். கென்யாவில் ஒப்பந்த ஆசிரியர் திட்டத்தைத் தொண்டு நிறுவனம் நடத்தியபோது பலன் கிடைத்தது. அதே திட்டத்தை அரசு எடுத்து நடத்தியபோது பலன் இல்லை. இந்தோனேசியா தகுதிச் சான்று பெற்ற ஆசிரியர்களுக்குச் சம்பளத்தை இரட்டிப்பாக்கியது. பிள்ளைகளின் கற்றலில் மாற்றம் தெரியவில்லை. பயத்தாலும் படிப்பு வரவில்லை, பணத்தாலும் வரவில்லை.

நம் ஊரிலேயே ஒரு சான்று இருக்கிறது. 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில், மாதம் ஆயிரம் ரூபாய்க்குத் தன்னார்வலர்கள், பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள், மாலையில் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் உட்கார்ந்து சொல்லித்தந்தார்கள். பெருந்தொற்றில் இழந்த கற்றலைப் பிள்ளைகள் மீட்டதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இத்திட்டத்தால் என்று அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, முரளிதரன் மூவரும் கணக்கிட்டார்கள். அந்தப் பெண்களுக்குப் பணிப் பாதுகாப்பு இல்லை, சம்பளம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. சிறு குழு இருந்தது. எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் நிற்கிறது என்று தெரிந்திருந்தது. இதைப் பார்த்துவிட்டு, ஆயிரம் ரூபாய்க்கே ஆள் கிடைக்கும்போது நிரந்தர ஆசிரியர் எதற்கு என்று முடிவுகட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி போன்ற பாடங்களுக்கு மாதம் 5,000 ரூபாயில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். பத்தாண்டுக்கு மேல் கழித்து, 2024இலும், அது 12,500 ரூபாயாகத்தான் இருந்தது. அவர்கள் சென்னைத் தெருவில் பணிநிரந்தரம் கேட்டு நின்றார்கள். 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக எடுத்த தற்காலிக இடைநிலை ஆசிரியருக்குத் தொடக்கத்தில் அறிவித்தது மாதம் 7,500 ரூபாய். நான்கு பேர் இருக்கும் ஓர் ஓய்வறையில் ஒருவருக்குப் பழைய ஓய்வூதியம், ஒருவருக்குப் பங்களிப்பு ஓய்வூதியம், 2009 ஜூனுக்குப்பின் வந்தவருக்குக் குறைந்த அடிப்படை ஊதியம், நான்காமவருக்குத் தொகுப்பூதியம். நால்வரும் ஒரே வேலையைச் செய்கிறார்கள். இந்த மேடு பள்ளத்தை வைத்துக்கொண்டு தரம் பேசுவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

எந்த இடத்தில் கோட்டைவிடுகிறோம்? நியமன ஆணை பெற்ற இடைநிலை ஆசிரியருக்குத் தகுதிகாண் பருவம் என்று ஒன்று உண்டு. தொடர்ச்சியான மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஆண்டு பணி. இவர் ஆசிரியராக நீடிக்கத் தக்கவரா என்று அரசு பார்த்துக்கொள்ளத் தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட காலம். அது முடிந்தால் ஓய்வு வயதுவரை முப்பது ஆண்டுக்கு மேலாகப் பாதுகாப்பு. அந்தக் கோப்பைத் திறந்தால் இவை இருக்கும்: நியமன ஆணையின் நகல், பணியேற்பு அறிக்கை, பணிவரன்முறை ஆணை, பத்தாம் வகுப்பிலிருந்து பட்டயம் வரையான சான்றிதழ்களின் உண்மைத்தன்மைச் சான்று, பணிப்பதிவேட்டுப் பக்கங்கள், 17அ, 17ஆ விதிகளின்கீழ் ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை என்ற சான்று, இறுதியில் தலைமை ஆசிரியரின் ஒரு வரி. பணியும் நடத்தையும் திருப்திகரம் என்பது அந்த வரி. எல்லாக் கோப்பிலும் அதே வரி. உண்மைத்தன்மை வர மாதக்கணக்கில் ஆகும்; சிலருக்கு ஆண்டுக்கணக்கில். வந்தபின் முன்தேதியிட்டு ஆணை கிடைக்கும். ஆணையில் கையெழுத்து விழும்போது தகுதிகாண் காலம் என்றோ முடிந்திருக்கும். அந்த ஆசிரியரிடம் படித்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இப்போது படிக்க வருகிறது என்பதற்கு அந்தக் கோப்பில் ஒரு கட்டம்கூட இல்லை. பத்தாம் ஆண்டில் வரும் தேர்வுநிலைக்கும் இருபதாம் ஆண்டில் வரும் சிறப்புநிலைக்கும் இதே கதிதான்.

இதில் புது ஆசிரியரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாறுதல் கலந்தாய்வில் மூத்தவர்கள் வசதியான இடங்களை எடுத்தபின் மிஞ்சுவது மலையும் ஈராசிரியர் பள்ளியும். முதல் வேலையாக ஜவ்வாது மலையிலோ கல்வராயன் மலையிலோ போய் இறங்குகிற இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம், அன்றைக்கே மூன்று வகுப்புகள் ஒரே அறையில் ஒப்படைக்கப்படுகின்றன. துணையாக இருக்கும் தலைமை ஆசிரியர் எமிஸ் என்னும் கல்வித் தகவல் இணையதளப் பதிவிலும் வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டத்திலும் இருப்பார். செயல்வழிக் கற்றல் அட்டைகள் வந்தன, முப்பருவ முறை வந்தது, 2022இல் எண்ணும் எழுத்தும் வந்தது; ஒவ்வொன்றுக்கும் பயிற்சி, படிவம், செயலி. ஆண்டாய்வுக்கு வரும் அலுவலர் வருகைப் பதிவேடும் சத்துணவும் கழிப்பறையும் பார்த்துவிட்டு அடுத்த பள்ளிக்கு ஓடவேண்டும். யாரிடமும் வேலை கற்றுக்கொள்ளாமல் தானே தட்டித்தடவி ஒரு முறையைப் பிடித்துக்கொள்கிறாள் அந்தப் பெண். அது சரியான முறையாக அமைந்துவிட்டால் அந்த ஊரின் நல்ல காலம்.

இதற்கு நாம் கண்ட மருந்து டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வு. 2012 ஜூலையில் நடந்த முதல் தகுதித் தேர்வை ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர் எழுதினார்கள், தேறியவர்கள் 2,448. ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. அந்த முடிவு சொன்னது ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களின் நிலையை. 2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்றது. தமிழக அரசு சீராய்வு மனு போட்டது. உள்ளே நுழைய வருபவருக்குத் தேர்வு அவசியம்; பாடமே தெரியாதவர் கற்பிக்க முடியாது. இருபது ஆண்டு பாடம் நடத்தியவரை 150 கொள்குறி வினாக்களால் அளப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. குழந்தை உளவியலில் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பவர், அந்தச் சிறுமியின் விரல் இரண்டாம் வரியில் நிற்பதைக் கவனிப்பாரா என்பதை அந்தத் தாள் சொல்லாது. பார்க்க வேண்டிய இரண்டு ஆண்டில் பார்க்காமல் விட்டுவிட்டு, இருபது ஆண்டு கழித்து வேலை போகும் என்று மிரட்டுவது முறையும் ஆகாது.

அமெரிக்காவில் இந்தச் சண்டை நீதிமன்றம்வரை போனது. கலிபோர்னியாவில் ஒன்பது மாணவர்களின் பெயரால் தொடுத்த வெர்காரா வழக்கில், 2014இல் நீதிபதி ரோல்ஃப் ட்ரூ ஆசிரியர் பணிப் பாதுகாப்புச் சட்டங்கள் செல்லாது என்றார். 2016இல் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு ரத்தானது. அங்கே இரண்டாம் ஆண்டின் மார்ச் 15க்குள் ஆசிரியரை நிரந்தரமாக்குவதா என்று முடிவுசெய்தாக வேண்டும். ஓர் ஆசிரியரை எடைபோட அந்தக் காலம் போதுமா என்பது வழக்கின் மையக் கேள்விகளில் ஒன்று. நாம் முழு இரண்டு ஆண்டை வைத்துக்கொண்டு அதில் ஒரு நாளைக்கூடப் பயன்படுத்துவதில்லை.

அந்த நாட்டிலிருந்து நான் எடுத்துக்கொள்ள விரும்புவது வழக்கை அன்று, ஓஹையோ மாநிலத்தின் டொலீடோ நகரத்தை. 1981இல் அந்நகர ஆசிரியர் சங்கமே முன்வந்து ஓர் ஏற்பாட்டைக் கேட்டுப் பெற்றது. தேர்ந்த ஆசிரியர்கள் சிலரை வகுப்பிலிருந்து சில ஆண்டுகள் விடுவித்து, புதியவர்களுக்குத் துணையாக அனுப்புவார்கள். அவர்கள் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார்கள், சேர்ந்து திட்டமிடுவார்கள், தவறைத் திருத்துவார்கள். ஆண்டு முடிவில், இவரைத் தொடரவைக்கலாம், இவரை வேண்டாம் என்று சங்கத்தாரும் நிர்வாகத்தாரும் இருக்கும் குழுவிடம் அறிக்கை வைப்பார்கள். சங்கம் சிலரை வேண்டாம் என்று சொன்னது. சங்கம் அதனால் பலவீனப்படவில்லை. தொழிலுக்கு மரியாதை கூடியது.

நம் சங்கங்களின் தலைவர்கள் சிலர் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்களிடம்தான் கேட்கிறேன். மாறுதல், ஊதிய முரண்பாடு, ஓய்வூதியம் என்று நீங்கள் நடத்தும் போராட்டங்களில் எனக்கு முழு உடன்பாடு. புது ஆசிரியரின் முதல் இரண்டு ஆண்டையும் உங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள். முதல் ஆண்டு புதியவரை ஈராசிரியர் பள்ளிக்கு அனுப்பாதே என்று கேளுங்கள். ஒன்றியத்துக்கு நான்கைந்து மூத்த ஆசிரியர்களை முழுநேரமாக விடுவி என்று கேளுங்கள். எமிஸ் வேலைக்குத் தனி ஆள் போடச் சொல்லுங்கள். தகுதிகாண் கோப்பில் ஒரு தாளைக் கூட்டச் சொல்லுங்கள்: ஜூனில் இந்த வகுப்பில் இத்தனை பிள்ளைகள் சொற்களைக் கூட்டிப் படித்தார்கள், ஏப்ரலில் இத்தனை பேர் படித்தார்கள், நேரில் உட்கார்ந்து கேட்டவர் இன்னார் என்று. முன்னேற்றம் இல்லையென்றால் தகுதிகாண் பருவத்தை நீட்டித்து உதவி கொடுக்கட்டும். அதற்கும் பலனில்லையென்றால் வேறு பணிக்கு அனுப்பட்டும். இதைத் தாண்டி வருகிறவருக்கு இன்றிருப்பதைவிட உறுதியான பாதுகாப்பு கொடுங்கள் என்று நானும் உங்களோடு வீதியில் நிற்பேன்.

2024 ஜூலையில் போட்டித் தேர்வு எழுதிய இடைநிலை ஆசிரியர்கள், ஏறக்குறைய பத்தாண்டு இடைவெளிக்குப்பின், 2025இல் நியமன ஆணை பெற்றார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். டெட் தேறியும் பல ஆண்டு காத்திருந்து, மறுபடி ஒரு தேர்வு எழுதி வந்தவர்கள் பலர். வயதும் ஏறிவிட்டது, ஆர்வம் குறையவில்லை. அவர்களின் தகுதிகாண் காலம் 2027இல் முடியும். இப்போது அவர்களில் பெரும்பாலோரின் சான்றிதழ்கள் உண்மைத்தன்மைக்காகப் பல்கலைக்கழகங்களுக்கும் தேர்வுத்துறைக்கும் போயிருக்கும். சான்றிதழ்கள் திரும்பி வருவதற்குள் அந்த வகுப்பறைகளுக்கு யாராவது நேரில் போய், ஒரு நாள் முழுக்கப் பின்வரிசையில் உட்கார்ந்து, பிள்ளைகளை ஒவ்வொருவராகப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அதற்கு ஒப்புக்கொள்ளும் மூத்த ஆசிரியர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனை பேர் என்று கூட்டம் முடிந்ததும் எனக்குப் பெயர் கொடுங்கள். ஓய்வுபெற்றவர்களும் வரலாம். மாவட்டக் கல்வி அலுவலரிடம் அனுமதிக் கடிதம் கேட்டு வாங்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.